முப்பத்து நான்காம் வளைவில் தீர்ந்த கதை

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இடையே ஒரே ஒரு சண்டைதான். ஆறு வருஷம் விடாமல் நடந்தது. வேன் சாவி யார் கையில் இருப்பது என்பதுதான் சண்டை.

வேன் இரண்டு பேருக்கும் சொந்தம். சந்தை நாளில் கொல்லிமலை மேலிருந்து பன்னிரண்டு பேரையும், அவர்களுடைய மிளகு மூட்டை, வாழைத்தார், பலாப்பழம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்குவோம். அதுதான் பிழைப்பு. நான் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரி. கல்யாணத்துக்கு முன்பே அங்கே டிரைவிங் கிளாஸில் சேர்ந்து, எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியவள். இவர் லைசென்ஸ் எடுத்தது எனக்கு அப்புறம்தான். அதை மாதத்துக்கு ஒரு முறையாவது அவர் காதில் போட்டுவிடுவேன்.

மலை மேலே, சமமான ரோட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நான் ஓட்டலாம். எடப்புளி நாடு என்கிற மலைப்பகுதியில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து எழுபதாம் வளைவு வரைக்கும் எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். வளைவு வந்ததும், "எறங்கிக்க அம்மிணி" என்பார். நான் இறங்கி அந்தப் பக்கம் போய் உட்கார வேண்டும். எங்கள் மலைப்பாதைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் இருப்பது ஒன்று, உச்சியில் இருப்பது எழுபது. ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள்.

"ஏனுங்க, லைசென்ஸ்ல வளைவு வந்தா எறங்கிக்கணும்னு எழுதியிருக்குதா?" என்று கேட்பேன்.

"ரோடு வேற, வளைவு வேற" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

கதை சொல்லும் வேலைக்கு நாங்கள் வந்தது வாந்தியால். இறங்குகிற வண்டியில் ஐம்பதாம் வளைவு தாண்டினால் ஒருவர் ஆரம்பிப்பார். அவர் ஆரம்பித்தால் வண்டியே ஆரம்பிக்கும். எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்தோம், புளிப்பு மிட்டாய் கொடுத்துப் பார்த்தோம். பாட்டுப் போட்டால் எந்தப் பாட்டு என்று சண்டை வந்து, சண்டைக்கு நடுவிலும் வாந்தி எடுத்தார்கள். ஒருநாள் முன்சீட்டில் உட்கார்ந்து, என் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் நடந்த கூத்தை இவரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். பின்னால் பன்னிரண்டு பேரும் மூச்சுக் காட்டவில்லை. ஒன்பதாம் வளைவு வரை ஒருவரும் வாயைப் பொத்தவில்லை. மாப்பிள்ளை வந்தாரா இல்லையா என்று தெரிந்த பிறகுதான் ஒருவர் எடுத்தார்.

நாத்தனார் வீட்டில் வாரத்துக்கு ஒரு கல்யாணமா நடக்கும்? ஆகவே கதை கட்ட ஆரம்பித்தோம். மத்தியானம் சாப்பிட்டதும் வாசலில் நிற்கும் வேனுக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, இவர் போனில் பதிவு செய்து, சந்தை நாளில் வேனின் ஸ்பீக்கர் பெட்டியில் போடுவோம். நாயகன் பேச்சு அவர், நாயகி பேச்சு நான். முக்கால் மணி நேரம். எழுபதில் தொடங்கினால் ஒன்றில் முடியும். அவர் கை ஸ்டியரிங்கில் அவ்வளவு கணக்காக இருக்கும். கண்ணாடி ஏற்றியிருந்தும் எங்கள் சேவல் கூவியது ஒரு குகைக் காட்சிக்குள் பதிவாகிவிட்டது. குகைக்குள் சேவல் எப்படி வந்தது என்று அடுத்த சந்தை வரை வண்டியில் விவாதம்.

நாயகன் டிரைவர் என்று இவர் முடிவு செய்ய ஒரு வினாடி கூட ஆகவில்லை. நான் நாயகியை நர்ஸ் ஆக்கினேன். திருடன் சிக்கினால் ஊசி போட வசதி. இரண்டு பேரும் சேர்ந்து மிளகுத் திருடனைப் பிடிப்பார்கள், தேனில் சர்க்கரைப் பாகு கலப்பவனைப் பிடிப்பார்கள். யாருக்கும் பெயர் கிடையாது. முதல் கதையில் வில்லனுக்கு ஒரு பெயர் வைத்தோம். மறுநாள் காலையில் அதே பெயருள்ள ஆள் எங்கள் வாசலில் வந்து நின்று, "நான் எப்பங்க உங்க ஊட்டு மிளகத் தொட்டேன்?" என்று அழாத குறையாகக் கேட்டார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினோம். அன்றிலிருந்து அவன், அவள், திருடன், அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல் மிளகுக்கார அக்காவிடமிருந்து வந்தது. அக்கா எங்கள் வண்டியில் டிரைவருக்கு நேர் பின்சீட்டுக்காரர். இருபது வருஷமாகச் சந்தையில் மிளகு விற்பவர். அவர் வாய்க்கு மலையே கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கும். இரண்டாவது வாரம் கதை ஓடிக்கொண்டிருக்கும்போது, "நிறுத்து, நிறுத்து" என்றார். இவர் பிரேக் போட்டுவிட்டார். "வண்டிய இல்லீங்க, கதைய. கல்யாணம் ஆகாத புள்ள எப்படி அவங்கூட ஒத்தையில ஜீப்புல ஏறுச்சு?"

பின்சீட்டில் எல்லோரும் அதானே என்றார்கள். மூன்றாவது வாரம் நாற்பத்து நான்காம் வளைவுக்கும் நாற்பத்து மூன்றாம் வளைவுக்கும் நடுவில், துரத்துகிற திருடனை ஐந்து நிமிஷம் நிற்க வைத்துவிட்டு, வழியில் இருந்த கோயிலில் இருவருக்கும் தாலி கட்டி வைத்தோம். அக்காவுக்குத் திருப்தி. சந்தை முடிந்து ஏறும்போது என் மடியில் ஒரு சீப்பு மலை வாழைப்பழத்தை வைத்து, "அந்தப் புள்ள கல்யாணத்துக்கு" என்றார். நாங்கள்தான் சாப்பிட்டோம்.

கதையில் எனக்கும் இவருக்கும் முட்டிக்கொண்டது நாலாவது வாரம். அவர் எழுதிய தாளில் நாயகி மரத்தில் கட்டப்பட்டு, "ஐயோ, காப்பாத்துங்க" என்று கத்த வேண்டும்.

"நான் கத்த மாட்டேன்" என்றேன்.

"கத்தாம எப்படி அம்மிணி அவன் வருவான்?"

"வரவே வேண்டாம். அவளே கட்ட அவுத்துக்குவா. வேணும்னா நீங்க கத்துங்க."

அவரே குரலை ஒடுக்கிக்கொண்டு கத்தினார். வேனில் அது ஓடியபோது பன்னிரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கதை முழுகிப் போனது. பிறகு ஒப்பந்தம் போட்டோம். ஒரு வாரம் அவன் அவளைக் காப்பாற்றுவான், மறுவாரம் அவள் அவனைக் காப்பாற்றுவாள். கத்துவது மட்டும் என் வாயில் வராது.

என் வாரங்களில் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அவனுக்குக் கையை உடைத்தேன், காய்ச்சல் வரவழைத்தேன், தேனீ கொட்ட வைத்தேன். எப்படியாவது அவனை ஓட்ட முடியாமல் செய்து, சாவியை அவள் கையில் கொடுத்து, எழுபது வளைவும் அவளை ஓட்ட வைத்தேன். லாரி, ஜீப், ஒரு தடவை பிரேக் பிடிக்காத டிராக்டர். அவ்வளவு ஆசை எனக்கு. வீட்டில் கிடைக்காததை அவளுக்கு அள்ளிக் கொடுத்தேன்.

முதல் தடவை அவள் ஓட்டிய அன்று பின்சீட்டிலிருந்து ஒருவர், "பொம்பளப் புள்ள எழுபது வளைவும் எறக்கிருமா?" என்று கேட்டார்.

இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கதைதானுங்க" என்றார்.

அந்த ஒரு சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று சந்தையில் அவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே மிக்சர் வாங்காமல் வந்தேன்.

எங்கள் பயணிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதையை நிகழ்ச்சியால் சொல்ல மாட்டார்கள், வளைவால் சொல்வார்கள். "முப்பத்தஞ்சுல அவன் பாலத்துல தொங்குனானே" என்பார்கள். அது மட்டுமில்லை, நாயகியின் குரல் என் குரல் என்பதால் நாயகிக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரியும் என்பது அவர்கள் முடிவு. தோள்பட்டை வலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று என்னிடம் கேட்பார்கள். நான் நர்ஸ் இல்லீங்க என்றால், "சும்மா சொல்லு கண்ணு" என்பார்கள். முதலில் மறுத்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று மட்டும் நர்ஸ் மாதிரி கண்டிப்பாகச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

அந்தச் சந்தை நாள் பலாப் பருவத்தின் நடுவில் வந்தது. விடிந்து வெயில் ஏறியிருந்தது. பன்னிரண்டு பேரும் வாசலில் நிற்க, இவர் கீழே நின்று வேன் கூரையில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். மேலே கட்டாமல் வைத்திருந்த ஒரு பெரிய பலா உருண்டு வந்து, நேராக அவர் வலது காலில் விழுந்தது. அவர் கத்திய கத்தல் எங்கள் கதைக்கு எப்போதோ தேவைப்பட்டது. கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. எழுந்து நிற்கலாம், விந்தி நடக்கலாம், பிரேக்கை மட்டும் மிதிக்க முடியாது.

மழைக்கு முன்பு நல்ல விலைக்கு மிளகை விற்றுவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். இவர் வேன் படியில் உட்கார்ந்து போனை எடுத்தார். மலையில் இருக்கிற அத்தனை டிரைவர்களையும் கூப்பிட்டார். எல்லோரும் சந்தைக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். கண் ஆபரேஷன் செய்து மூன்று நாள் ஆன ஒருவரைக்கூடக் கூப்பிட்டு, "இப்ப பார்வை எப்படிங்க இருக்குது?" என்று விசாரித்தார். பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற ஒருத்தி லைசென்ஸோடு நின்றுகொண்டிருக்கிறேன். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இன்னொரு பலா கையில் இருந்தால் இடது காலையும் பார்த்திருப்பேன்.

மிளகுக்கார அக்காதான் வாயைத் திறந்தார். "ஏஞ் சாமி, ஊரெல்லாம் போன் போடற? நம்ம புள்ள நிக்குதில்ல?"

"அதுக்கு வளைவு பழக்கமில்லீங்க அக்கா."

"பழக்கமில்லையா? போன மாசம் பிரேக்கு புடிக்காத டிராக்டரையே எறக்குச்சு. இந்த வேன எறக்காதா?"

சொல்லிவிட்டு அக்கா ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆமாமா என்று மற்றவர்களும் ஏறினார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. அவர்கள் காதால் கேட்டிருக்கிறார்கள், நான் ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இவர் என்னைப் பார்த்தார். கதைதானுங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லோரும் இறங்கிவிடுவார்கள். அது அவர் நாக்கு நுனி வரை வந்தது எனக்குத் தெரிந்தது. அதை அவர் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கே ஒரு நொடி தோன்றியது. ஆறு வருஷமாகக் கேட்டது கிடைக்கப் போகிற நேரத்தில் இப்படியா தோன்றும்?

அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "ரெண்டாவது கியர்லயே வா. ஆரன் அடி. ஏறி வர்ற வண்டிக்கு நின்னு வழி உடு" என்று மட்டும் சொன்னார்.

எழுபதாம் வளைவு வந்தது. வழக்கமாக நான் இறங்கும் இடம். இவர் அந்தப் பக்கத்து சீட்டில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கதையைப் போட்டுவிட்டார். அந்த வாரம் அவர் முறை. மலை நடுவில் ஒரு கொட்டகையில் திருடர்கள் அவளை அடைத்து வைத்திருக்க, அவன் ஜீப்பில் புயலாக இறங்குகிறான். பெட்டிக்குள் ஜீப் பறக்க, நான் நத்தை மாதிரி ஊர்ந்தேன். ஒவ்வொரு வளைவிலும் இவர் வீங்கிய காலால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்து, "ஸ்ஸ்" என்று முனகினார். பின்னால் ஒரு பஸ் வந்து ஆரன் அடித்தே என் உயிரை வாங்கியது. ஓரம் கட்டி விட்டேன். அந்த டிரைவர் எட்டிப் பார்த்து, யார் ஓட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் இன்னொரு தடவை அடித்துவிட்டுப் போனார்.

ஐம்பத்து இரண்டாம் வளைவில், வருஷக்கணக்காக இந்த மலையில் வண்டி ஓட்டுகிற மனிதர், "அம்மிணி, ஒரு கவர் குடு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன கவருங்க?"

பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை. எலுமிச்சம்பழம் வைத்திருந்த பையிலேயே எடுத்தார்.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்த ஆளுக்கு, பக்கத்தில் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று அன்றுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. நாற்பத்தெட்டில் இன்னொரு முறை. நாற்பத்தைந்தில் இன்னொரு முறை. அதே சமயம் பெட்டியில் அவருடைய குரலே, "எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுடா" என்று திருடனிடம் முழங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்தது, சிரித்தால் கை ஆடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பின்சீட்டில் அக்கா மட்டும், "கொஞ்சம் மெதுவா எடு சாமி, கதை கேக்க மாட்டீங்குது" என்றார்.

முப்பத்து நான்காம் வளைவில் கதை தீர்ந்துபோனது. அவன் கொட்டகைக் கதவை உடைத்தான், திருடர்களை அடித்தான், அவளைக் காப்பாற்றினான், சுபம். முக்கால் மணி நேரத்தில் எழுபது வளைவையும் இறக்குகிற வேகம் என்னிடம் இல்லை.

"அப்புறம்?" என்றார் அக்கா.

"முடிஞ்சுதுங்க" என்றார் இவர், பைக்குள்ளிருந்து.

"எப்படி முடியும்? இன்னும் முப்பத்து நாலு இருக்குதே!"

கதை ஒன்றில்தான் முடியும். அது அவர்களுக்குச் சட்டம். அதற்குள் பின்சீட்டில் யாரோ உமட்டும் சத்தம் கேட்டது. ஒருவர் ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "ஏனுங்க, எதாச்சும் சொல்லுங்க, என்னால பேச முடியாது" என்றேன். என் கண் ரோட்டை விட்டு நகரவில்லை.

இவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "சண்டையில அவனுக்குக் கால்ல அடி பட்டுருச்சுங்க" என்றார்.

"எதால?"

"பலாப்பழத்தத் தூக்கிப் போட்டுட்டான் திருடன்."

"அட நாசமாப் போனவனே" என்றார் அக்கா. "அப்ப ஜீப்ப யாரு எறக்குனா?"

"அவதான்."

இந்த வாரம் அவர் முறை. அவன் காப்பாற்ற வேண்டிய வாரம். நான் அவர் பக்கம் திரும்பப் பார்த்தேன், முப்பத்து ஒன்று வந்துவிட்டதால் திரும்பவில்லை.

"அவன் என்ன பண்ணுனான்?" என்றார் அக்கா.

"பக்கத்துல உக்காந்துட்டு வந்தான்."

"பயந்துக்கிட்டானா?"

ஒரு லாரி ஏறி வந்தது. நான் நிறுத்தி வழிவிட்டு, மறுபடி எடுத்தேன்.

"பயந்தானுங்க. ரொம்பப் பயந்தான். அவ வண்டியக் கவுத்துருவான்னு இல்ல. அவளும் ஓட்டீட்டா, அப்புறம் இவன் எதுக்குன்னு."

என் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. துடைக்கக் கை எடுக்க முடியாது, கை ஸ்டியரிங்கில் இருந்தது. ஆறு வருஷமும் நான் என் கை மேல் அவருக்கு நம்பிக்கையில்லை என்றே நினைத்திருந்தேன். இதை வீட்டில் ஒருநாள் சொல்லியிருந்தால் அந்த மனுஷனுக்கு எத்தனை மிக்சர் பொட்டலம் கிடைத்திருக்கும்!

"அப்புறம்?" என்றார் அக்கா. இரக்கமே இல்லாத பெண்.

"அப்புறம் இருபதுக்குக் கீழ பயம் போயிருச்சுங்க. வாந்தி மட்டுந்தான்."

வண்டியே சிரித்தது. ஒன்றாம் வளைவில் அவளும் அவனும் ஊர் வந்து சேர்ந்தார்கள். நாங்களும் சேர்ந்தோம்.

பேளுக்குறிச்சியில் நிறுத்தினேன். ஸ்டியரிங்கை விடாமல் சீட்டிலேயே இருந்தேன். பன்னிரண்டு பேரும் தத்தம் மூட்டையை இறக்கிக்கொண்டு போனார்கள். யாராவது ஒரு வார்த்தை பாராட்டுவார்கள் என்று பார்த்தேன். மிளகு வாங்கும் பாய், ஏன் இவ்வளவு நேரம் என்று அக்காவிடம் கேட்டார்.

"இந்தப் புள்ளதான் பாய் ஓட்டுச்சு" என்ற அக்கா, என் பக்கம் திரும்பினார். "ஏங் கண்ணு, உடம்பு கிடம்பு சரியில்லையா? டிராக்டர அந்த வெரசலா ஓட்டுன, இன்னிக்கு என்ன இப்படி ஊர்ந்துட்ட?"

"கொஞ்சம் அசதிங்க அக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

சந்தைக்குப் பின்னாலேயே டாக்டர் இருக்கிறார், காலைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று இவரை அனுப்பினேன். வண்டியை விட்டு என்னால் வர முடியாது. போகும்போது எதற்கென்று சொல்லாமல் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சாவியைக் கொடுக்கும்போது எனக்கு மனம் சுருங்கியது. அவ்வளவுதான், திரும்பப் போய்விட்டது என்று நினைத்தேன்.

அரை மணி கழித்து விந்தி விந்தி வந்தார். காலில் கட்டு இல்லை, மருந்து இல்லை. வீக்கம் இன்னும் ஒரு சுற்றுக் கூடியிருந்தது.

"டாக்டர் இல்லீங்களா?"

"இன்னும் போகல."

"அப்புறம் அந்தக் கால வெச்சுக்கிட்டு எங்க சுத்துனீங்க?"

உள்ளங்கையைத் திறந்தார். இரண்டு சாவி இருந்தது. ஒன்று தேய்ந்து கறுத்த பழசு. இன்னொன்று அப்போதுதான் அறுத்துக் கொண்டுவந்தது, பல்லெல்லாம் கூராக, சூடு கூட ஆறவில்லை. புதுசை என் கையில் வைத்துவிட்டு, "சந்தைக் கடைசியிலதான் சாவி போடறவர் உக்காந்திருக்கார். டாக்டர் எங்கயும் போயிர மாட்டார்" என்றார்.

அவரைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும் வழியில் கால் கிலோ மிக்சர் வாங்கினேன். அவர் அதைத் தொடவில்லை. மேலே ஏறுவதற்கு இன்னும் எழுபது வளைவு இருக்கிறது என்றார்.